3 வாரக் குழந்தை விழித்திருக்கும்போது அப்பா என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
மகளுக்கு 3 வாரம் ஆகிறது. பால் குடிப்பாள், தூங்குவாள். நடுவில் கொஞ்ச நேரம் அழாமல் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அப்போது அவளோடு என்ன விளையாடலாம்? கிலுகிலுப்பை ஆட்டினால் திடுக்கிட்டு அழுகிறாள். "இந்த வயசில் அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள் வீட்டில்.

வேம்பு:
நிறையவே தெரியும் தம்பி. கை கால் ஆட்டாமல் விழித்துக் கிடக்கிற அந்த நேரம்தான் பொன்னான நேரம். சில நிமிடங்கள்தான் நீடிக்கும், விட்டுவிடாதீர்கள்.

இப்போது அவளுக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. வரை, அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. சுவரில் சாய்ந்து முழங்காலை மடக்கி உட்காருங்கள். தொடைமேல் உங்களைப் பார்த்தபடி அவளைச் சாய்த்து, தலைக்குக் கீழே கையைக் கொடுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டடித்துவிடும், பக்கவாட்டில் இருக்கட்டும். மெதுவாக நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு அரை நிமிடமாவது பொறுங்கள். சில குழந்தைகள் தானும் நீட்டும். அவசரப்பட்டு அடுத்த சேட்டைக்குத் தாவாதீர்கள்.

பொம்மைக்குச் செலவு வேண்டாம். வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் விரல் தடிமனுக்கு நாலு கோடு போட்டு, அதே தூரத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினால் கண் பின்னாலேயே வரும். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிப் போடுவது இந்த வயதின் இயல்பு. கிலுகிலுப்பையை எடுத்து வைத்துவிட்டு, ஒரே தாலாட்டைத் தினமும் உங்கள் குரலில் பாடுங்கள். சுருதி சேராவிட்டால் ஒன்றும் குறையாது.

மருதாணி:
குப்புறப் போடுவதையும் இப்போதே தொடங்கலாம், கழுத்து பலப்படும். தரையில் போட்டால் பல குழந்தைகள் கத்தும். அப்பாவின் நெஞ்சுதான் தோது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பாதி சாய்ந்து படுங்கள். டயப்பரோடு மட்டும் அவளை நெஞ்சில் குப்புறக் கிடத்தி, முதுகுக்கு மெல்லிய துண்டு. முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு அழுந்தாமல் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பால் குடித்தவுடன் செய்தால் கக்கிவிடும், அரை மணி கழியட்டும்.

உங்களுக்குத் தூக்கம் சொக்கினால் உடனே அவளைத் தொட்டிலிலோ பாயிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். சோபாவில் நெஞ்சில் போட்டபடி தூங்கிவிடுவது உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் தேய்க்கும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் ஒரு சிறு கரண்டி போதும். முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தொடையிலிருந்து பாதம்வரை நீவுங்கள். வயிற்றைக் கடிகார முள் போகிற திசையில். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போகலாம். பெரியவர்கள் சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அவளுக்குப் போதும் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

வேம்பு:
முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொட்டாவி, விக்கல், விரல்களை விறைத்து விரிப்பது, முதுகை வளைப்பது எல்லாமே "போதும்" என்பதுதான். பலரும் திரும்பிய பக்கமே போய் மறுபடி முகத்தைக் காட்டுவார்கள், பிறகு அழுகைதான். பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். அவளே திரும்பிப் பார்த்தால் தொடருங்கள், இல்லையென்றால் தூங்க விடுங்கள். உங்கள் முகம் பார்த்துச் சிரிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை சிரிக்கவில்லையே என்று ஆட்டத்தைக் கூட்டாதீர்கள்.