டங்ஸ்டனுக்கு ஒன்றாக நடந்தோம், தலைக்கட்டு வரிக்கு?

மேலூரான்:
2025 ஜனவரி 7 அன்று டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூர்ப் பக்கம் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்துபோன கூட்டத்தில் நானும் இருந்தேன். 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலனிக்காரர்களோடு ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து முதல் தடவையாகச் சாப்பிட்டேன். 23ஆம் தேதி ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்ததும் ஊரே வெடி போட்டது. அப்புறம் பங்குனிக் கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று, தலைக்கட்டு வரி பிரிக்கக் கூடினோம், காலனி வரியை வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் பேச்சு, கடைசியில் வாங்கவில்லை. ஆபத்து போனால் அவ்வளவுதானா?

செல்லூர் வாசி:
2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூரில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத எதிர் மாடி வீட்டு அம்மா எங்கள் அத்தனை பேரையும் மேலே கூப்பிட்டு உப்புமா கிண்டிப் போட்டார். இன்றைக்கும் நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவர் வீட்டுக் கீழ்ப்போர்ஷன் காலியானபோது என் தம்பிக்குக் கேட்டேன், "என்ன ஆளுக?" என்றார். பழகின முகம்தான் கேட்டது, அதுதான் கூடுதலாக வலித்தது.

கலுங்கு:
ரொம்ப சலித்துக்கொள்ளாதீர்கள். கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்றால் எல்லா ஊரும் எல்லாரும் கச்சா வலையோடு ஒரே சேற்றில்தானே இறங்குகிறோம்?

கருப்பி மகள்:
மீன் பிடித்தால் போதுமா அண்ணே, வரியை வாங்கினால்தானே கோயிலில் எங்களுக்கும் பாத்தியதை என்று ஆகும், அதனால்தான் வாங்கவில்லை. மேலூரான் அண்ணே, நானும் நடந்தேன். சுரங்கம் வந்திருந்தால் பட்டா உள்ளவருக்கு இழப்பீடாவது கிடைக்கும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற எங்களுக்கு என்ன கிடைக்கும்? நாங்கள் எங்களுக்காகத்தான் வந்தோம், உங்களுக்கு ஒத்தாசைக்கு இல்லை. தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக ஜெயித்தார் என்பதற்காக மேலவளவு முருகேசனை, கூட வந்தவர்களோடு சேர்த்து, 1997இல் பஸ்ஸை மறித்து வெட்டியதும் இதே மேலூர்ப் பக்கம்தான். அதை மறந்துவிட்டு யாரும் நடக்கவில்லை. ஒன்று கேட்கிறேன், அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள்?

மேலூரான்:
ஒன்றும் பேசவில்லை. வாங்கக் கூடாது என்று கத்தியவர் என் சித்தப்பா.

கருப்பி மகள்:
சரி. அடுத்த கூட்டம் எப்போது?

மேலூரான்:
ஆடி பிறந்ததும். இந்தத் தடவை சித்தப்பாவுக்கு முன்னால் எழுந்து நிற்கப் பார்க்கிறேன், வீட்டில் சண்டை நிச்சயம்.