கார் பார்க் கிடைக்காததுக்கா இவ்வளவு மனக்கஷ்டம்?

செந்தூல்வாசி:
எங்கள் அடுக்குமாடியில் கூடுதல் பார்க்கிங் கொஞ்சம்தான். குலுக்கல் போட்டுக் கொடுப்போம் என்றார்கள். போன வாரம் பார்த்தால் குலுக்கலே நடக்காமல் நிர்வாகக் குழு ஆட்களுக்கும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்கும் போய்விட்டது. கேட்டால் "எல்லாம் முடிஞ்சு போச்சு அண்ணே" என்கிறார்கள். வேலை, குடும்பம் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி காரை ரோட்டோரம் போட்டுவிட்டு நடந்து வரும்போது அந்தப் பார்க்கிங் லாட்டில் குழுத் தலைவரின் மச்சான் கார் நிற்பதைப் பார்த்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. எனக்குத்தான் சின்ன புத்தியா?

ரவாங் மாமா:
விடுங்க தம்பி. கோலாலம்பூரில் பார்க்கிங் இல்லாதவன் எல்லாம் தூங்காமல் கிடந்தால் பாதி ஊர் முழித்துக்கொண்டுதான் இருக்கும். பிபி ஏறுவதுதான் மிச்சம்.

பினாங்கு மல்லி:
மாமா, குலுக்கலில் பெயர் வராமல் போயிருந்தால் அண்ணன் ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்திருப்பார். இங்கே ஆளையே மதிக்கவில்லையே! 2003இல் சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளரித் துண்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருந்த குரங்கு, அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும் வெள்ளரியை வேண்டாம் என்றது (இதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு). மனிதர்கள் கதையும் இதுதான். அமெரிக்காவில் 1972 முதல் 2008 வரை எடுத்த கருத்துக்கணிப்புகளை ஓயிஷி என்ற உளவியலாளரின் குழுவினர் அலசிப் பார்த்தார்கள். வருமான ஏற்றத்தாழ்வு கூடின வருடங்களில் வசதி குறைந்தவர்களின் மகிழ்ச்சி குறைந்திருக்கிறது, அதுவும் கையில் காசு குறைந்ததால் இல்லை, மற்றவர்கள் நியாயமாக நடப்பார்கள் என்ற நம்பிக்கை போனதால்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
அண்ணே, மெயிண்டனன்ஸ் பாக்கி ஏதும் இருக்கா? அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்னால் பாக்கி இருந்தால் ஓட்டுப் போட முடியாது, நீங்கள் வாயைத் திறந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் சண்டைக்குப் போகாதீங்க. எந்த முறையில் பிரித்தீர்கள் என்று கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்க. மழுப்பினால் இந்த மாதிரி தகராறுகளை விசாரிக்கிற ஸ்ட்ராட்டா டிரிபியூனல் இருக்கிறது, பொதுவாக வக்கீல் இல்லாமலே போகலாம்.

செந்தூல்வாசி:
பாக்கி இல்லை தம்பி. நாளைக்கே கடிதம் கொடுக்கிறேன். லாட் கிடைக்குதோ இல்லையோ, எப்படிப் பிரித்தோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லட்டும், எனக்கு அது போதும். மாமா, பிபி மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கேன் லா.