டர்பிடைட்டுக்குத் தமிழ்: கலங்கற்படிவு?

அண்ணை, டர்பிடைட் (turbidite) என்ற படிவுக்கு நீங்கள் சொன்ன 'ஆழ்கடற்படிவு' காதுக்கு நல்லாத்தான் இருக்கிறது, பொருள்தான் பிசகுகிறது. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் என்று மெல்லப் படியும் களியும் ஆழ்கடற்படிவுதானே? நாங்கள் பெயர் தேடுவது அதற்கல்ல. சரிவில் கிடந்த மணலும் சேறும் ஒரு நாள் குலைந்து, நீரோடு கலந்து, தன் பாரத்தாலேயே அடித்தரையோடு ஓடி, ஓட்டம் தளர்ந்த இடத்தில் படிகிறதே, அதற்கு. இது ஏரியிலும் நடக்கும். ஜெனீவா ஏரிக்குள் ரோன் ஆற்றின் வண்டல் நீர் இப்படித்தான் அடியால் போகிறது. ஆகவே பெயர் இடத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நடப்பதும் லேசுப்பட்ட காரியமல்ல. 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் நடுங்கியது. அதற்குப் பிறகு பல மணி நேரமாக, சரிவின் மேலிருந்து கீழாக, கடலடித் தந்தி வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டு போயின. அறுத்தது கலங்கிய நீர் என்ற விளக்கம் 1952இல்தான் வந்தது.

'கொந்தளிப்புப் படிவு' வேண்டாம். தெளிந்த நீரும் கொந்தளிக்கும். புயலலை விட்டுப்போகும் படிவுக்குத் தனிப்பெயர் தேவைப்படும்போது இதோடு முட்டுப்படும். 'சேற்றுப் பாறை'யும் சரிவராது, அடுக்கின் அடியில் இருப்பது மணல்.

என் தெரிவு கலங்கற்படிவு. மாரியில் மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் நிறத்தைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். சென்னை நண்பர் ஒரு தடை சொன்னார்: அவர்கள் பக்கம் கலங்கல் என்றால் ஏரியின் மிகைநீர் போகும் இடமாம். நாங்கள் அதை வான் என்போம், குளம் வான் பாயும். ஆனாலும் 'படிவு' பின்னால் நிற்கும்போது யாரும் ஏரிக்கரையை நினைக்கப் போவதில்லை. நான் படிவுப் பாறையை அடையற்பாறை என்று படித்து வளர்ந்தவன், 'அடையல்' மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் கலங்கலடையல் என்று இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். படிவுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

எங்கள் திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் குன்று உருமாறிய பழம்பாறை, அதைக் காட்டி இதைப் படிப்பிக்க ஏலாது. கிழக்கே கடலடியில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி, இமயம் எழுந்து, அரிபட்ட மண்ணைக் கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்ட, கலங்கல் ஓட்டங்கள் அதை வங்கக் கடலடியில் சுமார் 3000 கிலோமீற்றருக்கு விசிறிபோல் பரப்பியிருக்கின்றன. 2015இல் ஆய்வுக் கப்பலொன்று எங்கள் ஊருக்குச் சற்றுத் தெற்கான அகலக்கோட்டில், 8 பாகை வடக்கில், அந்த விசிறியில் ஏழு இடங்களில் துளையிட்டது. மோதலின் கணக்கு மலையில் பாதி, இந்தப் படிவுகளில் பாதி.

அப்புறம், அடியில் பருமணலும் மேலே போகப்போக நுண்களியுமாக அமையும், ஆங்கிலத்தில் graded bed எனும் அந்த அடுக்குக்கு? போத்தலில் குளத்துச் சேற்றைக் கலக்கி வைத்தால் மாணவர் கண்ணாலேயே பார்க்கலாம். 'பருநுண்ணடுக்கு' என்று போட்டிருக்கிறேன். 'தரப்படுத்திய படுகை' என்று வருவதை மட்டும் ஏற்க மாட்டேன், இலங்கைப் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் ஞாபகம் வருகிறது.