ஹேவ்லாக்கில் மீதமிருக்கும் ஒரு நாள்: ராதாநகர் கடற்கரையிலேயே இருந்துவிடலாமா?

தென்காசிக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி இறுதியில் குடும்பத்துடன் அந்தமான் செல்கிறோம். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நீல் தீவு ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, இறுதியாக ஹேவ்லாக் தீவில், அதாவது இப்போதைய சுவராஜ் தீவில், தங்குவதாகத் திட்டம். அங்கு எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். மறுநாள் பிற்பகல் கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி, அதற்கடுத்த நாள் காலை சென்னைக்கு விமானம் ஏறுகிறோம்.

பயண முகவர் அந்த ஒரு நாளில் எலிஃபண்ட் கடற்கரை, காலாபத்தர், ராதாநகர் ஆகிய மூன்றையும் அடுக்கி வைத்திருக்கிறார். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். ஊர் திரும்புவதற்கு முன் ஒரு நாளாவது கடலோரத்தில் அவசரமின்றி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். என் மைத்துனருக்கோ ஸ்கூபா (காற்று உருளையுடன் கடலுக்குள் மூழ்குவது) செய்தே ஆக வேண்டும். அந்த நாளை எப்படி வைத்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அந்திவானம்:

முகவரின் பட்டியலைத் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். அங்கே பகல் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தீவுகள் கிழக்கே 93 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்க, கடிகாரமோ 82.5 பாகையை வைத்துக் கணக்கிட்ட இந்திய நேரத்தையே காட்டுகிறது; ஆகையால் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் உதித்து, முன்னதாகவே மறைந்துவிடும். நீங்கள் செல்லும் ஜனவரி இறுதியில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் அஸ்தமனம். மூன்று இடங்களையும் சுற்றிவிட்டு நான்கு மணிக்கு மேல் ராதாநகருக்கு வந்து சேர்ந்தால், அந்தக் கடற்கரையில் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக இருக்க முடியாது.

உங்கள் தாயாருக்காக ராதாநகரையே பரிந்துரைக்கிறேன். படகுத்துறையிலிருந்து சுமார் 12 கி.மீ.; வாடகைக் கார் நுழைவாயில் வரை செல்லும். 2020இல் நீலக்கொடிச் சான்று (தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டுச் சான்று) பெற்ற கடற்கரை என்பதால் உடை மாற்றும் அறைகள், கழிப்பறை, உயிர்காப்பாளர்கள் என்று எல்லாம் உண்டு. மணலுக்குப் பின்னாலேயே வானளாவிய மரங்கள் அடர்ந்து நிற்பதால், பகல் முழுவதும் நிழலில் உட்காரலாம். இந்த வசதி வேறு பல அழகான கடற்கரைகளில் இல்லை.

இன்னொரு காரணம், வற்றம். காலாபத்தரிலும் விஜயநகர் கடற்கரையிலும் நீர் வற்றும்போது பாறைகளும் இறந்த பவளங்களும் வெளியே தெரியும். கால் வைத்துக் குளிக்க முடியாது. ராதாநகரின் அடித்தளம் முழுவதும் மணல் என்பதால், ஏற்றத்திலும் வற்றத்திலும் குழந்தையைக் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாக இருக்கும். உங்கள் தேதி எந்தத் திதியில் விழுகிறது என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். கடற்கரையின் ஒரு கோடியில் நீல்ஸ் கோவ் என்னும் சிறு வளைகுடா இருக்கிறது. நீர் அசையாமல் பச்சையாகக் கிடப்பதைப் பார்த்து, குழந்தைக்கு இதுவே ஏற்றது என்று தோன்றும். அங்கே இறங்கவே கூடாது. 2010இல் அந்தப் பகுதியில் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் பகுதியை விட்டு நகராதீர்கள்.

முத்துக்குளிப்பவன்:

மைத்துனரின் ஸ்கூபாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை அந்த முழு நாளின் விடியற்காலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. அது மெல்ல வெளியேறுவதற்குள் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்துக்குள் சென்றால், குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர்களுக்குக் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியவர்களுக்கு 18 மணி நேரம் என்பது பொதுவான வரையறை. முழுதாக 24 மணி நேரம் விடுவதே பாதுகாப்பு.

முதன்முறை இறங்குபவர்களைக் கோவிந்தநகர் கரையை ஒட்டிய நீமோ ரீஃப் என்னும் பவளப்பாறைப் பகுதிக்குத்தான் பெரும்பாலும் அழைத்துச் செல்வார்கள். சீக்கிரம் தொடங்கினால், அதை முடித்துக்கொண்டு முற்பகலிலேயே அவர் உங்களுடன் ராதாநகரில் சேர்ந்துகொள்ளலாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். அறிமுக ஸ்கூபாவுக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் மகளுக்கு இப்போது வாய்ப்பில்லை.

நீலக்கடல்:

அந்திவானம் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் நான் வேறுபடுகிறேன். எட்டு வயதுக் குழந்தைக்குப் பவளப்பாறையைக் காட்டாமல் அந்தத் தீவிலிருந்து அழைத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. படகுத்துறையிலிருந்து எலிஃபண்ட் கடற்கரைக்குப் படகில் சிறிது நேரம்தான். முதல் படகுகளில் சென்றுவிட்டால் கூட்டமும் குறைவு. முகமூடி அணிந்து மிதந்தபடி கிளிமீன்களைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு அந்தக் காலை நேரத்தைக் கொடுக்கலாம். பாட்டி அதுவரை விடுதியில் ஓய்வெடுக்கட்டும். மதியத்திலிருந்து எல்லோரும் ராதாநகரில் இருங்கள். காலாபத்தரை விட்டுவிடுவதில் எனக்கும் உடன்பாடே.

விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் வைத்திருப்பதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். காற்று பலமாக வீசினால் கப்பல்கள் நிறுத்தப்படும். அந்த ஓர் இரவுதான் உங்களுக்கிருக்கும் இடைவெளி.

தென்காசிக்காரர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நீல் தீவில் பாரத்பூர் கடற்கரைக்கு எப்படியும் செல்கிறோம். பவளப்பாறையை மகள் அங்கேயே பார்த்துவிடுவாள் என்பதால், ஹேவ்லாக்கில் முழு நாளும் ராதாநகரிலேயே இருக்க முடிவு செய்துவிட்டேன். மைத்துனர் விடியற்காலையில் கோவிந்தநகர் செல்வார். மகளுக்குச் சிப்பி பொறுக்குவதில் மிகுந்த ஆசை; கொஞ்சம் ஊருக்குக் கொண்டுவரலாமா?

அந்திவானம்:

வேண்டாம். பவளங்களும் பல வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை; இறந்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிப்பார்கள். மணலில் கிடக்கும் வெற்றுச் சங்குக்குள்தான் துறவி நண்டு குடியேறுகிறது என்பதை மகளுக்குக் காட்டுங்கள். மாலையில் மர வேர்களின் அருகே அவை ஏராளமாக ஊரும். நினைவுப் பொருளாக வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா விற்பனை நிலையத்தில் வாங்கி, ரசீதைக் கையிலேயே வைத்திருங்கள்.