மரண அறிவித்தல் முரண அறிவித்தல் ஆகாமல் லினக்ஸுக்கு மாறுவது எப்படி?

சந்திக்கடை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. ஆனால் சோறு போடுவது டைப்செட்டிங்தான். வினாத்தாள், கோவில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் காட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம். தட்டெழுத்து வகுப்பில் இரும்பு மெஷினில் அடித்துப் பழகிய விரல். 2006இலிருந்து பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும்தான். விசைப்பலகையில் எழுத்து அழிந்து மூன்று வருடமாகிறது, நான் கவனிக்கவே இல்லை. கடைக்கு வந்த பிள்ளை ஒன்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன்.

என் கணினி நாலாம் தலைமுறை ஐ3, ராம் 4 ஜிபி. உப்புக்காற்றில் மாதம் ஒருமுறை ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் ஓடும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. இப்போதைக்குப் புதுக் கணினி வாங்கும் எண்ணமும் இல்லை.

போன மாதம் அக்காவின் மகன் கம்பஸ் லீவில் வந்தவன், ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மிண்ட் போட்டு, "சித்தி, வன்தட்டில் கை வைக்கவில்லை, சும்மா அடித்துப் பாருங்கள்" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். பாமினியையும் போட்டுத் தந்தான். அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு மரண அறிவித்தல் வந்தது. தலைப்பை அடித்துவிட்டு நிமிர்ந்தால் திரையில் "முரண அறிவித்தல்" என்று நிற்கிறது. அழித்து அடித்தேன், திரும்பவும் முரண. பக்கத்தில் இறந்தவரின் மகன் நிற்கிறார். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு விண்டோஸில் போட்டு அடித்துக் கொடுத்தேன். பொடியன் அடுத்த நாள் பஸ் ஏறிவிட்டான். போனில் கேட்டால் "யூனிகோடுக்கு மாறுங்கள் சித்தி, எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும், தமிழ்99 விசைப்பலகை ஒரு கிழமையில் பழகிவிடும்" என்கிறான். இருபது வருட விரலுக்கு ஒரு கிழமையா?

நான் கேட்பது இதுதான். என் விரல் அடிக்கிற மாதிரியே லினக்ஸில் அடிக்க முடியுமா? ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பிறகு ககரம் அடிப்பவள் நான். பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அவற்றின் கதி என்ன? சிங்களத்திலும் அடிக்க வேண்டும். இந்த ஊரில் அது இல்லாமல் கடை நடத்த முடியாது. மாறியவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

அக்கா, நான் கிண்ணியாவில் கணினி திருத்துகிறவன். "முரண" வந்ததற்கு லினக்ஸைத் திட்டாதீர்கள். அது மிண்டோடு வருகிற, வேர்ட் மாதிரியான லிப்ரே ஆபிஸ் செய்கிற வேலை. பாமினி பார்வைக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. கே விசையை அடித்தால் ம, ஷிப்டோடு அடித்தால் மு. வசனத்தின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக்க வேண்டும் என்று லிப்ரே ஆபிஸ் தானாகவே சின்ன கேயைப் பெரிய கே ஆக்கிவிட்டது. மரணம் முரணாகிவிட்டது. தமிழ் என்று தொடங்கியிருந்தால் துமிழ் என்று வந்திருக்கும்! வேர்டிலும் இதே தொல்லை உண்டு. நீங்களோ வேறு யாரோ எப்போதோ அதை நிறுத்தி வைத்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள்.

கருவிகள் பட்டியலில் தானியங்கு திருத்தத்துக்குப் போய், வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் திருத்துவது, மேற்கோள் குறியை வளைப்பது மூன்றையும் எடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழைச் சிவப்புக் கோட்டையும் அணைத்துவிடுங்கள். பென் டிரைவில் செய்தால் கணினியை அணைத்ததும் போய்விடும். நிறுவிய பிறகு ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது விரல் விஷயம். பொடியன் சொன்ன தமிழ்99 நல்லதுதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். ரெங்கநாதன் விசைப்பலகை என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டுத் தட்டெழுத்து அமைப்பை ஒட்டியது, 2008இல் வந்த இலங்கைத் தரம் 1326இல் உள்ளதும் அதுதான். கொம்பை முதலில் அடிக்கலாம், கா, கி போன்றவற்றின் அரவும் விசிறியும் நீங்கள் பழகிய இடத்திலேயே இருக்கும். வருவது யூனிகோட். ஆக, விரல் பழையது, எழுத்து புதியது. பாமினியோடு நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஒன்றிரண்டு விசை இடம் மாறியிருக்கும், முதல் கிழமை திட்டிக்கொண்டே அடிப்பீர்கள்.

மிண்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் என்ற பொதியை நிறுவ வேண்டும். அதற்குள் ரெங்கநாதன் இருக்கும், சிங்களத்துக்கு விஜேசேகரவும் இருக்கும். ஓர் இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள்: விசைப்பலகை அமைப்புப் பட்டியலில் இலங்கைத் தமிழ் என்று பார்த்ததும் அதைத் தட்டிவிடுவார்கள். அங்கே கிடைப்பது தமிழ்99 வகை. ரெங்கநாதன் அங்கே இல்லை, ஐபஸில் போய்த்தான் எடுக்க வேண்டும். பாமினியே வேண்டுமென்றாலும் பிரச்சினை இல்லை. எழுத்துருக் கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் நிறுவு என்று பொத்தான் வரும்.

கடைசியாக, விண்டோஸை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி தட்டு வாங்குங்கள். பழைய வன்தட்டின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் மிண்ட் 22இன் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2029 வரை புதுப்பிப்பு வரும். பிடிக்காவிட்டால் வயரை மாற்றிச் செருகினால் பழைய கடை பழையபடி. எனக்கு வருகிற ஆட்களில் மாறி அழுதவர்கள் எல்லாரும் பழைய தட்டிலேயே மேலே போட்டவர்கள்.

2009இல் எங்கள் பாலம் திறந்த பிறகும் என் வாப்பா கொஞ்ச நாள் மோட்டார் சைக்கிளைப் பாதை என்கிற பழைய படகுச் சேவையின் துறைப் பக்கம்தான் திருப்புவார். பாதை நிற்காது என்று தெரியும், கை தன்பாட்டில் திரும்பும். உங்களுக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, தம்பி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவர் திருத்துகிறவர், நாங்கள் பாவிக்கிறவர்கள். நான் உப்புவெளியில் இருக்கிறேன். 2019இல் ஆசைப்பட்டு மாறி, ஏழு மாதத்தில் திரும்பி வந்தவன்.

என்னை விரட்டியது விசைப்பலகை இல்லை, பிரிண்டர். பழைய லேசர் ஒன்று, பெயர் வேண்டாம். அச்சு எடுக்கச் சொன்னால் வெள்ளைத் தாளைத் துப்பும், சில நாள் ஒன்றுமே துப்பாது. அதற்கு அந்தக் கொம்பனியின் தனி டிரைவர் வேண்டுமாம், நான் இரண்டு இரவு கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு எச்பி பிரிண்டரைக் கொண்டுவந்து செருகினால் கேள்வி கேட்காமல் அச்சடித்தது. அதனால் காசு செலவழிக்க முதல், அந்தப் பென் டிரைவிலேயே உங்கள் பிரிண்டரையும் ஸ்கேனரையும் செருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். கடை என்றால் பிரிண்டர்தான் கடை.

மற்றது, வேர்டில் சமன்பாட்டோடு அடித்த வினாத்தாள் லிப்ரே ஆபிஸில் திறந்தால் வரி நகரும். இரண்டு பக்கத் தாள் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி போட்டு நிற்கும். ஆசிரியர்கள் வேர்டில் கொண்டுவருவார்கள், வேர்டில்தான் திருப்பிக் கேட்பார்கள். தவணைப் பரீட்சை நெருங்கும்போது மாறாதீர்கள். அவசரம் என்றும் இல்லை: மைக்ரோசொப்ட் கணக்கு வைத்துப் பதிந்தால் விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அதற்குள் ஆறுதலாகப் பழகலாம்.

மட்டு டிசைனர் எழுதியது:

பேஜ்மேக்கர் பற்றி யாரும் சொல்லவில்லை. அதன் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001இல். அக்கா, நீங்கள் விண்டோஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படகு ஓட்டைதான்.

லிப்ரே ஆபிஸில் இருக்கும் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எழுத்து வரும், படம் பாதி வரும், பத்தி இடைவெளி கண்டபடி வரும். பழைய கல்வெட்டிலிருந்து ஒரு பதிகத்தையோ தேவாரத்தையோ உருவி எடுக்க அது போதும். புது வேலைக்குப் பேஜ்மேக்கர் மாதிரியான ஸ்கிரைபஸ் பழகுங்கள், 1.5க்குப் பிறகு யூனிகோட் தமிழைக் கொம்பு சிதறாமல் காட்டுகிறது. படம் வரையும் கோரல் டிரா லினக்ஸில் இல்லை, அதற்குப் பதில் இங்க்ஸ்கேப் உண்டு. நான் இன்னும் கோரலுக்காக ஒரு விண்டோஸ் வைத்திருக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயிரம் கோப்பையும் யூனிகோடாக மாற்றப் போகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். நான் இறங்கினேன். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருள் ஆங்கிலமா தமிழா என்று பார்க்காது, எல்லாவற்றையும் மாற்றும். ஆங்கிலத்தில் டாக்டர் என்பதன் சுருக்கத்தைப் போட்ட இடத்தில் எல்லாம் "னுச" என்று வந்து நின்றது. ஒரு நினைவு மலரில் மூன்று னுச! யாராவது திரும்பக் கேட்கும் கோப்பை மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

சந்திக்கடை அக்கா எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

வாத்தியார் சொன்னபடி முதலில் பிரிண்டர். கலர் இங்க் பிரிண்டர் செருகியதும் எடுத்தது. லேசர் எடுக்கவில்லை. ஸ்கேனர் எடுத்தது, ஆனால் முதல் பக்கம் எடுக்க யோசிக்கிறது. அப்போதே விட்டிருப்பேன். கிண்ணியாத் தம்பி சொன்ன வயர் யோசனைதான் தைரியம் தந்தது. எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாயிற்று. பழைய வன்தட்டைத் துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், நகை மாதிரி. நாலு ஜிபி ராம் இன்னொன்று கிடைத்தது, அதையும் போட்டேன். கணினி திறந்து வருவதற்குள் பிளேன்டீ போட்டுக் குடித்துவிடலாம் என்றிருந்த கடை இது. இப்போது கேத்திலை வைக்கவும் நேரம் இல்லை.

ரெங்கநாதனைத் தேட அரை நாள். நானும் சரியாக அந்த வழுக்கும் இடத்தில் வழுக்கினேன், தமிழ்99 வந்தது. பிறகு ஐபஸில் எடுத்தேன். முதலில் அடித்துப் பார்த்தது "கோணேசர்". இரட்டைக்கொம்பு, ககரம், அரவு. விரல் கேட்காமல் போனது, திரையில் சரியாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம் முழுக்க அடித்தேன். நாலு பிழை. நாலும் விசை இடம் மாறியதால் வந்தவை. ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். விசைப்பலகையில் எழுத்தே இல்லாததால் ஒட்டுத்தாள் வாங்கி மேலே ஒட்டச் சொன்னார்கள், தேவைப்படவில்லை.

விஜேசேகர எனக்கு எப்போதும் மெதுவுதான், இங்கேயும் மெதுவு. அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

பிழைத்தது எங்கே என்றால், ஒரு பாடசாலை வினாத்தாள். வாத்தியார் சொன்ன அதே மூன்றாம் பக்கம், அதே ஒரு வரி. வரி இடைவெளியைக் குறைத்து ஒப்பேற்றினேன். ரீச்சருக்குத் தெரியாது, இங்கே எழுதுகிறேன். அடுத்த முறை வேர்ட் கோப்பு வந்தால் லாச்சியைத் திறப்பேன். அந்த வன்தட்டில் இணையம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்; வேர்ட், பேஜ்மேக்கர், லேசர் பிரிண்டர் மூன்றுக்கும் மட்டும் அது. நேற்று அப்படி ஒருமுறை மாற்றிச் செருகினேன். விண்டோஸ் வந்ததும் கை ஐபஸை மாற்றும் விசையைத் தேடியது. மூன்று கிழமையில் இந்தக் கை எனக்கே துரோகம் செய்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்த மரண அறிவித்தல் குடும்பமே கல்வெட்டுக்கு வந்தது. இருபத்துநாலு பக்கம். ஸ்கிரைபஸில் முழுக்கச் செய்ய தைரியம் வரவில்லை, அட்டையை மட்டும் அதில் செய்தேன், உள்பக்கங்கள் லிப்ரே ஆபிஸில். யூனிகோட் என்பதால் லண்டனில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பாட்டை அப்படியே அனுப்ப முடிந்தது. அவர் அங்கிருந்து தன் தகப்பனின் பெயரில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார். பாமினிக் காலத்தில் தாளைப் படம் பிடித்துத்தான் அனுப்புவேன், திருத்தத்தைப் போனில் கத்திச் சொல்வார்கள்.

கிண்ணியாத் தம்பி, அந்த லேசரை நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது. டிரைவர் கோப்பு ஒன்று இறக்கி வைத்திருக்கிறேன், கறுப்புத் திரையில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு கடையில் கூட்டம் இல்லை. டவுனுக்கு வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கோ, காசு பேசி வைத்துக்கொள்வோம்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

சனி வாறேன் அக்கா. லேசரின் மாடல் நம்பரைப் பின்பக்கம் பார்த்து இன்றைக்கே போடுங்கள். முந்திய நாளே தேடி எடுத்து வருகிறேன், அங்கே வந்து இருட்டில் தடவ முடியாது.