எவ்வளவு நடந்தும் கால் பருக்கவில்லை: தொடைக்கும் ஆடுசதைக்கும் என்ன செய்யலாம்?

புதுவயல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு பள்ளத்தூரில், புதுவயலில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறேன். வயது 27, உயரம் 171 செ.மீ., எடை 62 கிலோ. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்கிற கூட்டத்தில் வருடம் தவறாமல் நானும் போவேன். அதற்காகக் கார்த்திகை பிறந்ததுமே விடிகாலையில் கானாடுகாத்தான் வரை நடந்து பழகுவேன். மில்லுக்குப் போவது சைக்கிளில்தான். பஸ்கி நூறைத் தாண்டியும் மூச்சு வாங்காமல் போட முடிகிறது.

ஆனால் கால் மட்டும் ஒல்லியாகவே இருக்கிறது. எங்கள் மில்லில் மூட்டை தூக்குகிற அண்ணன்மார் யாரும் ஜிம் பக்கம் போனதில்லை. கைலியை மடித்துக் கட்டினால் அவர்கள் தொடை தனியாகத் தெரிகிறது. காரைக்குடியில் ஒரு ஜிம்மில் சேர்ந்த பிறகு மார்பிலும் கையிலும் மாற்றம் இருக்கிறது. காலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், ‘நீதான் நடக்கிறாயே, அது போதும்’ என்கிறார்கள்.

ஸ்குவாட் (தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழுவது) போட்டால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயம். எனக்கோ ஆழமாக உட்கார்ந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் கோச்:

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர் உடம்பு எடைக்கு மேல் இன்னொரு பெரிய எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுகிறார், பலகையில் ஏறுகிறார். நீங்கள் உங்கள் 62 கிலோவைத்தான் ஆயிரக்கணக்கான முறை நகர்த்துகிறீர்கள். அதில் மூச்சும் தாங்குதிறனும் வளரும், சதை வளராது. சதை பருக்க வேண்டுமானால் ஒரு செட்டின் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றின்) கடைசி ரெப்ஸ், அதாவது கடைசிச் சில தடவைகள், உண்மையிலேயே கஷ்டப்பட்டு வர வேண்டும். நூறு பஸ்கி போட்டும் மூச்சு வாங்கவில்லை என்றால் அந்தப் பாரம் உங்களுக்குப் போதவில்லை. பலம் வேண்டுமானால் 3 முதல் 6 ரெப்ஸ் வரும் கனமான எடை. பருமனுக்கு 6 முதல் 15 வசதி. 30 வரை போனாலும் வளரும், முடியாத கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நான் அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். பளுதூக்கலில் இருந்து வந்தவன் என்பதால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: ஆழம். பல ஜிம்களில் ராடு நிறைய பிளேட் மாட்டிக்கொண்டு நான்கு விரற்கடை மட்டும் இறங்கி ஏறுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகும்படி இறங்கினால் புட்டமும் உள்தொடையும் நன்றாக வளரும். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149 கிலோ தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் 77 கிலோ பிரிவில் தங்கம் எடுத்தார். ஸ்னாட்ச் தூக்குகிறவர்கள் எடையைத் தலைக்கு மேல் பிடித்தபடி தரையோடு உட்கார்ந்துதான் எழுகிறார்கள். அந்த ஆழத்தில் பலம் இல்லாமல் அந்த விளையாட்டே இல்லை.

வாரம் இரண்டு நாள் காலுக்கு ஒதுக்குங்கள். ஒரு நாள் ஸ்குவாட் மூன்று செட், பிறகு உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் (மெஷினில் காலைப் பின்னால் மடக்குவது) மூன்று செட், கடைசியில் நின்றபடி காஃப் ரெய்ஸ் (குதிகாலை உயர்த்தி இறக்குவது). இன்னொரு நாள் ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து ராடை இறக்கி ஏற்றுவது), பெஞ்சில் பின்னங்காலை வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட், லெக் எக்ஸ்டென்ஷன் (மெஷினில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டுவது), மறுபடி காஃப். கனமான செட்டுக்கு நடுவே 3 நிமிடம் ஓய்வு. போனைப் பார்த்துக்கொண்டு 10 நிமிடம் ஆக்கிவிடாதீர்கள்.

‘ஸ்குவாட் ஒன்றே போதும்’ என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முன்தொடையில் நான்கு தசைகள். அதில் நடுவே ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடக்கிறது. ஸ்குவாட்டில் அது அவ்வளவாக வளராது, லெக் எக்ஸ்டென்ஷனில் வளரும். பின்தொடையும் அப்படித்தான், அதற்கு லெக் கர்லும் டெட்லிஃப்டும் வேண்டும். ஆடுசதையில் மேலே தெரிகிற தசை முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. காலை மடக்கி உட்கார்ந்தால் அது தளர்ந்துவிடும். அதனால் நின்றபடி செய்யுங்கள். குதிகாலை நன்றாகக் கீழே இறக்கி ஒரு நொடி நிறுத்திவிட்டு ஏறுங்கள். துள்ளக் கூடாது.

ஒரு நோட்டில் தேதி, எடை, ரெப்ஸ் எழுதுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன ரெப்ஸ் எல்லாச் செட்டிலும் வந்துவிட்டால் அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றுங்கள். அப்புறம், நம்மூர் ஜிம்களில் எல்லா ராடும் 20 கிலோ இருக்காது. ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தேவகோட்டை பிசியோ:

கோச் சொன்னதோடு முழங்காலைப் பற்றிக் கொஞ்சம். நோயில்லாத முழங்கால் மூட்டை ஆழமான ஸ்குவாட் தேய்க்காது. பாரத்தைப் படிப்படியாக ஏற்றினால் தசைநாண்களும் அதற்குப் பழகிக்கொள்ளும். முழங்கால் பெருவிரலைத் தாண்டுவதும் தப்பில்லை. நீண்ட தொடையெலும்பு உள்ளவர்களுக்குத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

குதிகால் எழும்புவது பெரும்பாலும் கணுக்கால் மடங்காததால். இப்போதைக்குக் குதிகாலின் கீழ் சின்ன பிளேட் வைத்துச் செய்யுங்கள். கூடவே, சுவரைப் பார்த்து நின்று குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

முதல் வாரங்களில் இரண்டாம் நாள் படி இறங்கக் கஷ்டமாக இருக்கும். அது தானாகப் போய்விடும். ஆனால் வலியும் வீக்கமும் மிக அதிகமாகி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது. பழக்கமில்லாத ஒருவர் ஒரே நாளில் அளவுக்கு மீறிப் போட்டால் வரும். தயவுசெய்து ஆர்வத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் செய்யாதீர்கள்.

ஆத்தங்குடி அக்கா:

சாப்பாட்டை ஒருவரும் பேசவில்லையே தம்பி. கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் வேண்டும். காலையில் பணியாரம், மதியம் சோறு குழம்பு, ராத்திரி இட்லி என்று போனால் அதில் பாதிகூடச் சேராது. முட்டை ஒன்றில் 6 கிராம். எலும்பில்லாத கோழி வெந்தபின் 100 கிராமில் 27 முதல் 31 வரை. காவடி விரத மாதத்தில் அசைவம் கிடையாது என்பதால் மீல்மேக்கர் 50 கிராம் ஊற வைத்துச் செய்தால் 25 கிராம் கிடைக்கும். மிச்சத்துக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், பால், பனீர். சோற்றைக் குறைக்காதீர்கள், 62 கிலோவில் இருப்பவருக்கு அதுவும் தேவை. என் மகனுக்கு இப்படித்தான் கொடுக்கிறேன். அவன் கால்பந்து ஆடுகிறவன்.

புதுவயல்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோச் அண்ணே, இன்னும் ஒன்று. கார்த்திகை, மார்கழியில் நடைப்பழக்கம் கூடும்போது இந்தக் கால் பயிற்சியை நிறுத்திவிடவா?

கோட்டையூர் கோச்:

நிறுத்த வேண்டாம் தம்பி, குறையுங்கள். வளர்ப்பதற்குத்தான் நிறைய செட் வேண்டும். வளர்ந்ததைக் காப்பாற்ற அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், எடையை மட்டும் இறக்கக் கூடாது. அந்த இரண்டு மாதமும் வாரம் ஒரே நாள், ஸ்குவாட் இரண்டு செட், டெட்லிஃப்ட் இரண்டு செட், காஃப் இரண்டு செட். நீண்ட நடை போகும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் வைக்காதீர்கள். காவடி கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ராடைத் தொடவே வேண்டாம். பழநியிலிருந்து வந்து கால் கொப்புளம் ஆறிய பிறகு பழைய எடையில் முக்கால் பங்கில் தொடங்குங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். உட்கார்ந்து எழுவதை ஒரு வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், பக்கவாட்டிலிருந்து எடுத்தது வேண்டும். ஆழத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.