பாண்டவர் ஐம்புலன், கௌரவர் நூறு தீய எண்ணம்: இது வியாசர் சொன்னதா, பின்னால் வந்ததா?

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். எங்கள் தெருக் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் மகாபாரதச் சொற்பொழிவு நடக்கிறது. பேசுபவர் நன்றாகவே பேசுகிறார், ஆனால் யார் பெயர் வந்தாலும் உடனே ஒரு தத்துவத்தோடு பொருத்திவிடுகிறார். குருக்ஷேத்திரம் நம் உடம்பு, பாண்டவர் ஐந்து புலன்கள், திரௌபதி அந்த ஐந்துக்கும் வாழ்க்கைப்பட்ட மனம், திருதராஷ்டிரன் அஞ்ஞானம், அவன் பெற்ற நூறு பேர் தீய எண்ணங்கள், பீஷ்மர் ஆணவம், கர்ணன் பற்று, கிருஷ்ணன் பரமாத்மா. கேட்கும்போது பிடிக்கிறது, வீட்டுக்கு வந்து யோசித்தால் இடிக்கிறது. திரௌபதி வெறும் மனம்தான் என்றால் சபையில் அவள் பட்ட பாட்டுக்கு என்ன பொருள்? பீஷ்மர் ஆணவம் என்றால் அம்புப் படுக்கையில் கிடந்தபடி தர்மபுத்திரனுக்கு அத்தனை தர்மம் சொன்னது யார்? இந்தப் பொருத்தமெல்லாம் மூலத்திலேயே இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
மூலத்தில் உருவகம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்ட பட்டியல் இல்லை. ஆதி பர்வத்தின் தொடக்கத்திலேயே இரண்டு மரங்கள் வருகின்றன. துரியோதனன் கோபமே வடிவான பெருமரம், கர்ணன் அதன் அடிமரம், சகுனி கிளை, துச்சாதனன் பூவும் காயும், வேர் சிந்தனையில்லாத திருதராஷ்டிரன். எதிரே யுதிஷ்டிரன் தர்மமே வடிவான பெருமரம், அர்ச்சுனன் அடிமரம், பீமன் கிளை, நகுல சகாதேவர் பூவும் காயும், வேர் கிருஷ்ணனும் வேதமும் அந்தணரும். உத்தியோக பர்வத்தில் கிருஷ்ணன் வாயாலேயே இது மறுபடியும் வருகிறது. இங்கே யாரையும் ஒரு தத்துவத்தின் முகமூடியாக ஆக்கவில்லை என்பதைப் பாருங்கள். யார் யாரைத் தாங்கி நிற்கிறார்கள், தீமை எங்கிருந்து நீர் குடிக்கிறது என்பதுதான் பேச்சு. கண்ணை மூடிக்கொண்ட ஒரு தகப்பன் வேர், மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தது.

அப்புறம் அம்சக் கணக்கு, அதாவது யார் எந்தத் தெய்வத்தின் அல்லது சக்தியின் கூறாகப் பிறந்தார் என்பது. துரியோதனன் கலியுகத்தின் உருவான கலியின் அம்சம், சகுனி துவாபர யுகத்தின் உருவான துவாபரனின் அம்சம். விதுரர், மாண்டவ்ய முனிவர் சாபத்தால் மண்ணில் பிறந்த தர்மதேவன். யுதிஷ்டிரனோ அதே தர்மதேவனின் மகன். ஆசிரமவாசிக பர்வத்தில், காட்டில் எலும்பும் தோலுமாக ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கும் விதுரர், யுதிஷ்டிரனை இமைக்காமல் பார்த்தபடியே யோகத்தால் அவன் உடலுக்குள் புகுந்துவிடுகிறார். அரண்மனையில் சொல்லிச் சொல்லிக் கேட்பாரில்லாமல் போன தர்மமும் அரியணை ஏறிய தர்மமும் கடைசியில் ஒன்றாகின்றன. இதைவிட ஆழமான குறியீடு எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை, ஆனால் சொற்பொழிவுகளில் இது வருவதே அபூர்வம்.

ஐம்புலன் விஷயத்தில் ஒரு சிக்கலும் உண்டு. உடல் தேர், ஆன்மா அதில் ஏறியவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்று கட உபநிடதம் சொல்கிறது. கீதைக் காட்சியைப் பார்க்கும் யாருக்கும் அந்தத் தேர் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே புலன்கள் அடக்கப்பட வேண்டியவை. பாண்டவரே புலன்கள் என்றால் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று நாம் ஏன் விரும்புகிறோம்? 13ஆம் நூற்றாண்டில் துவைத ஆசாரியர் மத்வர் மகாபாரதத்துக்கு மூன்று அடுக்குப் பொருள் உண்டு என்று சொல்லி உட்பொருளை விளக்கியபோது, பீமனைப் பக்தி, ஞானம், வைராக்கியம் போன்ற குணங்களின் திரட்சியாகவும் திரௌபதியை வித்தையாகவும் (மெய்யறிவாகவும்), துரியோதனனை அஞ்ஞானமாகவும் வைத்தார். உங்கள் சொற்பொழிவாளரின் பட்டியலில் அஞ்ஞானம் தகப்பன், மத்வரிடம் மகன். ஆக, இப்படிப் பார்ப்பது பழைய வழக்கம்தான். ஒரே ஒரு விடை என்று அடித்துச் சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

அல்லிக்கேணி:
ராமாயணத்தை வைத்து நானும் கொஞ்சம் சொல்கிறேன், வைணவ ஆசாரியர்கள் இதில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது உங்கள் கேள்விக்கு உதவும். வேதாந்த தேசிகர் சங்கல்ப சூரியோதயம் என்ற நாடகத்தில் ஜீவனைச் சீதையோடு ஒப்பிடுகிறார். பிறவிக் கடல் சூழ்ந்த இந்த உடம்பே இலங்கை, பத்து இந்திரியங்களைத் தலைகளாகக் கொண்ட மனமே இராவணன், சிறைப்பட்ட ஜீவனுக்குச் சேதி கொண்டுவரும் குரு அனுமனுக்குச் சமானம். நீங்கள் கேட்ட பட்டியல் மாதிரியேதான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் அதே சம்பிரதாயத்தில் பிள்ளை லோகாசாரியர், ராமாயணம் 'சிறையிருந்தவள் ஏற்றம்' சொல்ல வந்தது என்கிறார். அவர் பார்வையில் சீதைப் பிராட்டி அகப்பட்டுக்கொண்ட ஜீவன் இல்லை. தேவமாதர்களின் சிறையை விடுவிப்பதற்காகத் தானே போய்ச் சிறையிருந்த தாய் என்று உரையாசிரியர்கள் விரிக்கிறார்கள். போர் முடிந்ததும், தன்னை வதைத்த அரக்கியரைக் கொல்லட்டுமா என்று அனுமன் கேட்க, தவறு செய்யாதவர் யார் என்று அவள் தடுத்துவிடுகிறாளே, அந்த இடத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று புரியும். ஒரே சீதை, ஓர் இடத்தில் நாம், இன்னோர் இடத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறவள். இரண்டில் எது சரி என்று யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் இரண்டும் கதையை ஊன்றிப் படித்ததில் பிறந்தவை.

தம்பியரைப் பற்றியும் இப்படித்தான். கூடவே போய்த் தொண்டு செய்த இளைய பெருமாள், அதாவது இலக்குவன், சேஷத்துவம் (அடிமையாய்த் தொண்டு செய்யும் நிலை). போகவேண்டாம் என்றதும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதுகையோடு திரும்பிய பரதாழ்வான் பாரதந்திரியம் (தன் விருப்பமின்றி அவன் விருப்பப்படியே இருக்கும் நிலை). பெருமாளை (இராமனை) விட்டுப் பரதனையே பற்றிய சத்ருக்னாழ்வான் அடியார்க்கு அடியனாக இருக்கும் நிலை. அவரவர் செய்த காரியத்திலிருந்து தத்துவத்தை எடுத்தார்கள், தத்துவத்தை முதலில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடவில்லை. உங்களுக்கு இடித்தது அந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

செஞ்சிப்பக்கம்:
மேலே எழுதியவர்கள் இருவரிடமும் நிறையக் கற்றுக்கொண்டேன், ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் பக்கத்தில் திரௌபதி குறியீடு இல்லை, அம்மன். பாரதப் பிரசங்கமும் கூத்தும் நடக்கும் நாட்களில் ஊரே அந்தக் கதைக்குள் இருக்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான கம்பத்தில் ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழம் வீச, குழந்தை வேண்டிய பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். போர்க்களக் காட்சியான படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், அம்மன் கூந்தல் முடிப்பாள், அப்புறம்தான் தீமிதி. நெருப்பில் இறங்குகிறவரிடம் போய் 'திரௌபதி என்றால் மனம்' என்று சொன்னால் அவருக்கு அதனால் என்ன கிடைக்கும்?

சபா பர்வத்தில் அவள் அழுதாள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் கேட்டாள். என் கணவர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லித் தடுமாறினார். கௌரவர் பக்கத்தில் விகர்ணன் ஒருவன் எழுந்து நியாயம் பேசினான், கர்ணன் அவனை அடக்கினான். திரௌபதியை மனம் என்று சுருக்கும்போது அந்தக் கேள்வி காணாமல் போகிறது. அதுதான் எனக்குக் கோபம்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. விகர்ணனும் அந்த நூறு பேரில் ஒருவன்தானே, அப்போது அவன் எந்தத் தீய எண்ணம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடமே கேட்கப்போகிறேன். கர்ணனைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய கொடையாளியைப் பற்று என்று சொல்வது பொருந்துமா?

ஏட்டுச்சுவடி:
எனக்கு அடிமரம் என்ற உருவகமே போதுமாக இருக்கிறது. கவசகுண்டலத்தையே அறுத்துக் கொடுத்தவன், நட்புக்காக உயிரையும் விட்டவன், அந்த வலிமை முழுவதும் துரியோதனனின் கோபத்தைத் தாங்கத்தான் பயன்பட்டது. இவன் இருக்கிற தைரியம் இல்லையென்றால் அவன் போருக்கே துணிந்திருக்கமாட்டான். உத்தியோக பர்வத்தில் கிருஷ்ணன் அவனைத் தனியாகத் தேரில் ஏற்றிக்கொண்டு பிறப்பு ரகசியத்தைச் சொல்லும் பகுதியைப் படியுங்கள், தான் தோற்கும் பக்கம்தான் இருக்கிறோம் என்று தெரிந்தே அவன் பேசுகிறான். அதைப் படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.